பின்னணியில் ஓடும் வேலை: சத்தம் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்கள் பாட்டு கேட்பதும், கடிதம் டைப் செய்வதும், இன்டர்நெட்டில் உலா வருவதுமாக இருப்பார்கள். அதன் பின்னர் மெல்ல ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். நமக்கென்று ஓர் இணைய தளம் இருந்தால் என்ன? கடைக்கு ஒன்று, டியூஷன் சென்டருக்கு ஒன்று, தெரு நலச் சங்கத்திற்கு ஒன்று என ஆரம்பித்துவிடுவார்கள். இடம் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் பல உள்ளன. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் சர்வரில் ஒரு மூலை நமக்குக் கிடைத்துவிடும்.

தளம் வந்த பின்னர் அடுத்த தேவை வரும். தினமும் இரவு டேட்டாவை பேக் அப் எடுக்க வேண்டும். மாதம் பிறந்தால் சந்தா நினைவூட்டும் இமெயில் எல்லாருக்கும் போக வேண்டும். இதை எல்லாம் நாமே உட்கார்ந்து செய்ய முடியுமா? ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, அல்லது யாரிடமாவது எழுதி வாங்கி, சர்வரில் போட்டுவிடுகிறோம். அது பின்னணியில் தானாக ஓடும். நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன். பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்டை சர்வரில் போடுவது எளிது. அது இன்றைக்கும் ஓடுகிறதா, ஓடி முடித்ததா என்று அறிந்து கொள்ள வழி செய்யாமல் அதைப் போடுவது, போடாமல் இருப்பதைக் காட்டிலும் ஆபத்தானது. இது என் உறுதியான கருத்து. காசு கொடுத்துக் கற்ற பாடம் என்று சொல்வார்கள். நான் கற்றது அடுத்தவர் உழைப்பைக் கொடுத்து.

ஏழு பைல்கள், ஏழும் பாதி

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பகுதியில் ரத்த தானம் செய்பவர்கள் பட்டியல் ஒன்றை நோட்டுப் புத்தகத்தில் பராமரித்து வந்தார் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். யாருக்காவது ரத்தம் தேவை என்றால் அவருக்குத்தான் போன் வரும். நோட்டைப் புரட்டி, அந்தப் பிரிவு ரத்தம் உள்ளவர்களில் கடைசியாகக் கொடுத்து நாளானவர் யார் என்று பார்த்து அழைப்பார். ஒருவர் ரத்தம் கொடுத்தால், ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் கழித்துத்தான் மீண்டும் கொடுக்கலாம். எனவே பெயரைப் போலவே தேதியும் முக்கியம்.

"டீச்சர், இதை நான் இணைய தளமாகச் செய்து தருகிறேன்" என்று முன்வந்தேன். ஏறத்தாழ 600 பெயர்கள். இரண்டு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்து டைப் செய்தோம். தினமும் இரவு 2 மணிக்கு டேட்டா முழுவதையும் ஒரு பைலில் எழுதி வைக்க பி.எச்.பி.யில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இடம் வீணாகக் கூடாது என்று, ஏழு நாட்களுக்கு மேற்பட்ட பழைய பைல்களை அழிக்கும்படியும் அதிலேயே எழுதினேன். "இனி கவலை இல்லை டீச்சர், தினமும் காப்பி எடுத்துவிடும்" என்றேன். அவரும் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஒன்றரை ஆண்டு கழித்து ஒருநாள் தளம் திறக்கவில்லை. இடம் தந்த நிறுவனத்திற்கு போன் செய்தால், ஹார்ட் டிஸ்க் பழுது, உங்கள் திட்டத்தில் பேக் அப் சேர்த்தி இல்லை என்றார்கள். நான் பதறவில்லை. நம்மிடம்தான் பைல் இருக்கிறதே! அவை வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஏழு பைல்கள், ஏழு தேதிகள். திறந்து பார்த்தால் ஏழும் பாதியில் நின்றிருந்தன. பெயர்ப் பட்டியல் ஓரளவு வந்திருந்தது. யார் எப்போது ரத்தம் கொடுத்தார் என்ற பகுதி ஒன்றில்கூட இல்லை.

நடந்தது இதுதான். ஆரம்பத்தில் டேட்டா குறைவு. ஸ்கிரிப்ட் சில வினாடிகளில் முடிந்துவிடும். டேட்டா வளர வளர நேரமும் வளர்ந்தது. ஒருநாள், சர்வர் அனுமதித்த நேரத்தைத் தாண்டியது. சர்வர் அதை நடுவில் நிறுத்திவிட்டது. அதன் பின்னர் ஒவ்வோர் இரவும் இதே கதை. எர்ரர் மெசேஜ் வந்திருக்குமே என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் ஸ்கிரிப்ட்டை இயக்கும் வரியின் கடைசியில், வருகிற செய்திகளை எல்லாம் தூக்கி எறியும்படி நானே எழுதியிருந்தேன். லினக்ஸ் சர்வர்களில் "டெவ் நல்" என்று ஓர் இடம் உண்டு. அதற்குள் போவது எதுவும் திரும்பி வராது. எங்கோ பார்த்த உதாரணத்தில் அப்படி இருந்தது, நானும் எழுதினேன். இதில் கொடுமை என்னவென்றால், பழைய பைல்களை அழிக்கும் பகுதி ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் இருந்தது. அந்த வேலையை மட்டும் அது ஒருநாள்கூடத் தவறவில்லை. கடைசி நல்ல காப்பியையும் அதுவே அழித்திருந்தது.

பழைய நோட்டில் இருந்து பெயர்களை மீட்டோம். ஒன்றரை ஆண்டுத் தேதிகள் போனது போனதுதான். அடுத்த பல மாதங்கள் டீச்சர் ஒவ்வொருவரையும் அழைத்து, "நீங்கள் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்?" என்று கேட்க வேண்டியதாயிற்று. அவசர நேரத்தில் நடு இரவில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

30 வினாடி என்பது எதிரி அல்ல

பி.எச்.பி. ஸ்கிரிப்ட் ஒன்று இணையப் பக்கம் வழியாக இயங்கும்போது, அதற்கு வழக்கமாகத் தரப்படும் நேரம் 30 வினாடி. "மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம்" என்று இதற்குப் பெயர். லினக்ஸ் சர்வரில் டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது. எனவே கடிகாரத்தில் 30 வினாடியைத் தாண்டியும் சில ஸ்கிரிப்ட்கள் ஓடும். இதற்கு மேல் வெப் சர்வருக்கென்று தனி வரையறை உண்டு. அப்பாச்சி 2.4 பதிப்பில் அது வழக்கமாக 60 வினாடி. இடம் தரும் நிறுவனங்கள் தங்கள் பங்கிற்கு இன்னும் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கும்.

இந்தத் தடை வந்ததும் பலரும் தேடிப் பிடிக்கும் வைத்தியம், "செட் டைம் லிமிட்" என்ற கட்டளையில் சைபர் போடுவது. அதாவது, எனக்கு நேரக் கட்டுப்பாடே வேண்டாம் என்பது. இதனை நான் ஏற்கவில்லை. நீங்கள் வாடகைக்கு எடுத்திருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. தண்ணீர்த் தொட்டி எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போனால் மாடியில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அதே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கலாம். 30 வினாடி என்பது அவர்களைக் காப்பாற்றும் குழாய் வால்வு. உங்களையும் அது காப்பாற்றுகிறது. எங்கோ பிழையாகி முடிவில்லாமல் சுற்றும் ஸ்கிரிப்ட்டை நிறுத்த அது ஒன்றுதான் உள்ளது.

நீண்ட வேலைக்குச் சரியான வழி வேறு. யூனிக்ஸ் சிஸ்டத்தில் "கிரான்" என்று ஒரு புரோகிராம் உள்ளது. 1979ல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இது வந்துவிட்டது. இன்ன நேரத்தில் இன்ன வேலை என்று ஒரு வரி எழுதி வைத்தால், அது அந்த நேரத்தில் அதை இயக்கும். உங்கள் தளத்தின் கண்ட்ரோல் பேனலில் "கிரான் ஜாப்ஸ்" என்ற பெயரில் இதனைக் காணலாம். இதில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து இயக்காமல், ஸ்கிரிப்ட்டை நேரடியாக பி.எச்.பி. கட்டளையாக இயக்க வேண்டும். அப்படி இயக்கினால் 30 வினாடிக் கட்டுப்பாடு பொருந்தாது. நான் முகவரியைக் கொடுத்திருந்தேன். அதுதான் என் முதல் தவறு.

இன்னும் இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஒன்று, சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இரவு 2 என்று எழுதினால் வேலை நமக்குக் காலை 7.30க்கு நடக்கும். நம் இரவு 2 மணி வேண்டும் என்றால் அங்கே முந்தைய நாள் 20.30 என்று தர வேண்டும். மற்றொன்று வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு. அதற்குள் இருக்கும் டைம் டேபிள், யாராவது தளத்தைப் பார்க்க வரும்போதுதான் நகரும். இரவு முழுவதும் ஒருவரும் வரவில்லை என்றால், 2 மணிக்கான வேலை காலையில் முதல் ஆள் வந்த பின்னரே நடக்கும். சிறிய தளங்களில் இது அன்றாடம் நடப்பது.

பெரிய இடத்திலும் இதே கதை

அனுபவம் இல்லாதவர் செய்த தவறு என்று நீங்கள் என்னை ஒதுக்கிவிடலாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் தளம் அது. அன்று இரவு பிரச்சினை ஒன்றைச் சரி செய்து கொண்டிருந்த பொறியாளர், ஒரு சர்வரில் அழிப்பதாக நினைத்து மற்றொரு சர்வரில் அழித்துவிட்டார். முதன்மை டேட்டாபேஸ். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜி.பி.யில் நாலரை ஜி.பி. மட்டுமே மிஞ்சியது.

பேக் அப்பைத் தேடினார்கள். தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய காப்பி எடுக்கப்படவே இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு. காப்பி எடுக்கும் புரோகிராமோ 9.2 பதிப்பாக இயங்கி, பதிப்பு ஒத்துப் போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக் கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் இமெயிலும் அனுப்பப்பட்டது. ஆனால், அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சரி பார்க்கும் சோதனையில் அந்த இமெயில்கள் தேறாமல் திருப்பி அடிக்கப்பட்டன. யாருக்கும் அவை போய்ச் சேரவில்லை. வேறு காரணத்திற்காக ஒருவர் ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்து வைத்த காப்பிதான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போய்விட்டது. இவை எல்லாவற்றையும் அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மைக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

என் கதையையும் இதனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரணங்கள் வேறு வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான். ஸ்கிரிப்ட் தோற்றது, தோற்றதைச் சொல்லவும் செய்தது, சொன்னது யார் காதிலும் விழவில்லை. எல்லாம் அமைதியாக இருந்ததால் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துக் கொண்டோம்.

கூர்க்காவின் விசில்

நம் தெருக்களில் இரவில் கூர்க்கா தடியைத் தட்டிக் கொண்டு, விசில் ஊதியபடி போவார். பாதித் தூக்கத்தில் அது காதில் விழும். திருடன் வந்தால் கூப்பிடுவதற்கு மட்டும் அல்ல அந்த விசில். நான் விழித்திருக்கிறேன் என்று சொல்வதும் அதுதான். இரண்டு நாள் விசில் கேட்கவில்லை என்றால் மூன்றாம் நாள் காலையில், "என்ன, கூர்க்காவைக் காணோமே?" என்று தெருவே விசாரிக்கும்.

பின்னணி ஸ்கிரிப்ட்டும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறேன். தவறு நடந்தால் மட்டும் சொல் என்று எழுதக் கூடாது. செத்துப் போன ஸ்கிரிப்ட் எப்படித் தவறைச் சொல்லும்? வேலை முடிந்ததும், "முடித்தேன், இத்தனை பதிவுகள், இத்தனை எம்.பி., இத்தனை வினாடி" என்று தினமும் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரி வரவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. வரியை இமெயிலில் மட்டும் அனுப்பாதீர்கள். இமெயில் ஸ்பேம் போல்டருக்குப் போகலாம். நீங்கள் தினமும் திறக்கும் உங்கள் தளத்தின் நிர்வாகப் பக்கத்தின் உச்சியில், "கடைசி பேக் அப்: இன்ன தேதி, இன்ன அளவு" என்று காட்டச் செய்திடுங்கள். இரண்டு நாள் பழையதாகிவிட்டால் அது சிவப்பாக மாறட்டும்.

மற்ற விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய வேலையைச் சிறு பகுதிகளாக வெட்டுங்கள். 600 பேருக்கு இமெயில் என்றால் ஒரு தடவைக்கு 50 போதும். யாருக்கு அனுப்பியாயிற்று என்று ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் குறிக்கச் சொல்லுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். குறிக்காவிட்டால் முதல் 50 பேருக்கு ஒரே கடிதம் பத்து முறை போகும்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஓட வேண்டும். 5 நிமிடத்திற்கு ஒரு முறை தொடங்கும் வேலை 8 நிமிடம் எடுத்துக் கொண்டால், முதல் ஆள் வெளியே வருவதற்குள் இரண்டாம் ஆள் உள்ளே வந்துவிடுவார். இருவரும் சேர்ந்தால் இன்னும் தாமதம், அதற்குள் மூன்றாவது ஆள். கடைசியில் சர்வர் மூச்சுத் திணறும். லினக்ஸில் "எப்லாக்" என்ற பூட்டு இதற்கென்றே உள்ளது. பூட்டுக்கு அடையாளமாக ஒரு பைலை நாமே உருவாக்கிப் பின்னர் அழிப்பதைக் காட்டிலும் இது நல்லது. ஸ்கிரிப்ட் நடுவில் இறந்தால் நாம் உருவாக்கிய பைல் அப்படியே கிடந்து அடுத்த முறையும் தடுக்கும். எப்லாக் பூட்டை, ஸ்கிரிப்ட் இறந்தவுடன் சிஸ்டமே திறந்துவிடும்.

செய்திகளை "டெவ் நல்" குழியில் போடாதீர்கள். ஒரு லாக் பைலில் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். வேலை எடுத்துக் கொள்ளும் நேரம் 10, 14, 19 வினாடி என ஏறிக் கொண்டே போனால் அடுத்து என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

புதிய காப்பி முழுமையாக இருக்கிறது என்று சரி பார்த்த பின்னரே பழையதை அழிக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஒரு காப்பியை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு டவுன்லோட் செய்து, அதிலிருந்து டேட்டாவை மீட்க முடிகிறதா என்று செய்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பி, காப்பி அல்ல.

இது எனக்கு எதற்கு?

"சார், நான் கம்ப்யூட்டர் வாங்கியே ஆறு மாதம்தான் ஆகிறது. சர்வர், கிரான் எல்லாம் எனக்கு எதற்கு? காசு கொடுத்தால் நிறுவனமே பார்த்துக் கொள்ளுமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம். ஆனாலும் மூன்று கேள்விகளை நீங்கள்தான் கேட்க வேண்டும். கடைசி பேக் அப் எப்போது முடிந்தது? அது எந்த இடத்தில் இருக்கிறது? அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா? இவற்றைக் கேட்க புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. டேட்டா போனால் அவர்கள் இழப்பது ஒரு வாடிக்கையாளரை. நீங்கள் இழப்பது உங்கள் டேட்டாவை.

இதற்கான பழக்கத்தை வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே தொடங்கிடலாம். ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்திடுங்கள். உங்களுக்குத் தெரியாமலே பின்னணியில் எத்தனை வேலைகள் ஓடுகின்றன என்று வியந்து போவீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் கடைசியாக எப்போது ஓடியது, விளைவு என்ன என்று இரண்டு காலங்கள் உள்ளன. "தி ஆப்பரேஷன் கம்ப்ளீட்டட் சக்சஸ்புல்லி" என்று இருந்தால் வேலை ஒழுங்காக முடிந்ததாகப் பொருள். நீங்களே அமைத்த பேக் அப் வேலை அங்கு இருந்தால், அதன் எதிரில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அதோடு நிற்காமல் பைலையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

டீச்சரின் பட்டியல் இப்போது மீண்டும் தளத்தில் ஓடுகிறது. தினமும் காலையில் நான் பார்க்கும் முதல் வரி, நேற்று இரவு எத்தனை பதிவுகள் காப்பி ஆயின என்பது. டீச்சர் நோட்டில் எழுதுவதையும் மறுபடி தொடங்கிவிட்டார். "உன் கம்ப்யூட்டரையும் நம்புகிறேன், என் நோட்டையும் நம்புகிறேன்" என்கிறார். முன்பாக இருந்தால் சிரித்திருப்பேன். இப்போது புது நோட்டு வாங்கிக் கொடுப்பது நான்தான்.